விளக்கேற்றலுக்கு அடுத்தது

ஹலோ, மைக் செக், ஒண்டு, ரெண்டு, மூண்டு. தன் குரல் கண்டல்முனைக் கடற்கரையைத் தாண்டிப் போய், ஆள் இறங்காத தண்ணீரின் மேல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு இல்லாமல் போவதைக் கேட்டுக்கொண்டிருந்த நவரட்ணத்துக்கு இன்றைக்கு ஒரு குறையும் வராது என்று பட்டது. வர விட்டால்தானே வரும். கலியாண வீடா, செத்த வீடா, கோயில் திருவிழாவா, மைக் நவத்தைக் கூப்பிடு என்று ஊர் சொல்வது சும்மாவா. கார் பற்றறியில் சார்ஜ் நிறைய இருக்கிறது, அம்பிளிபயர் சூடேறிவிட்டது, பனையில் கட்டிய இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று கிழக்கே பார்க்கிறது, மற்றது கோயிலைப் பார்க்கிறது. இனி வரவேண்டியது பிரிகேடியர் மட்டும்தான். அவர் வந்து, திருத்திக் கட்டிய கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடத்தைத் திறந்து, விளக்கேற்றி, நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் ஊர் விடியப்புறமே குளித்துவிட்டு வந்து வெய்யிலில் இருக்கிறது. ஆமி ஊருக்குள் வந்த நாளிலிருந்து கடல் பூட்டு. கரையில் கால் நனைக்கலாம், வள்ளம் தள்ளக்கூடாது. முகாமில் மொழிபெயர்க்க நிற்கிற சார்ஜன்ற் சுனில் போன கிழமை சங்கத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னான்: "விழா நல்லா நடந்தா பெரியவர் அங்கயே சொல்லுவார், நாளைக்குக் கடலுக்குப் போகலாம் எண்டு. நல்லா நடக்கயில்லையெண்டா, எனக்குச் சொல்ல ஏலாது." விழா நல்லா நடப்பதும் நடக்காததும் யார் கையில் இருக்கிறது? நவம் தன் கையில் இருந்த மைக்கைப் பார்த்துக்கொண்டார். கும்பம், மாலை, விளக்கேற்றல், தேசிய கீதம், வரவேற்புரை, பிரிகேடியர் பேச்சு. கடதாசியில் எழுதி வைத்துப் பார்த்து வாசிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கும்பம், மாலை, விளக்கேற்றல், தேசிய கீதம்.

நாக்கு ஒரு மாடு, பழக்கினால் பழகும் என்பது நவத்தின் கொள்கை. ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன என்று சொன்னவன் இரண்டு பேருக்கும் மைக் பிடித்துப் பார்க்காதவன். ராமனுக்கு ஒரு சொல்லு, ராவணனுக்கு வேறொரு சொல்லு, உயிர் கிடப்பது அதில்தான். இந்தியன் ஆமி வந்தபோது தலைப்பாகை கட்டிய மேஜர் ஒருவர் இதே முற்றத்தில் பந்து விளையாட்டுக்குக் கோப்பை கொடுத்தார், நவம் மூச்சு விடாமல் மேஜர் சாகேப், மேஜர் சாகேப் என்றார், பொடியள் பிஸ்கற்றுக்கு நமஸ்தே சொல்லப் பழகினார்கள், நமஸ்தே சொல்லாதவனுக்கும் பிஸ்கற் கிடைத்தது என்பது வேறு கதை. அவர்கள் கப்பலேற, இயக்கம் வந்தது. மைக் ஒலிவாங்கியாயிற்று, பேக்கரி வெதுப்பகமாயிற்று. சிரித்த கிழவர்கள் எல்லாம் ஒரு மழைக்காலம் கழிவதற்குள் வெதுப்பகத்தில் பாண் வாங்கினார்கள். வேலிச் சண்டைக்காரர் முதலில் பயந்தார்கள், பிறகு தாங்களாகவே இயக்கத்தின் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கினார்கள். தீர்ப்புச் சுறுக்காய் வருகுதாம், வாதாட அப்புக்காத்துக்குக் கூலியும் இல்லையாம். இன்றைக்கு ஆமி. வழிமறிக்கிற சென்றியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிற கால், அது யாருடைய சென்றி என்று பார்ப்பதில்லை. அடையாள அட்டையை நீட்டுகிற கையும் அப்படித்தான். ஆனால் நாக்கு பார்க்கவேண்டும். அதுதான் தொழில். இயக்கத்தின் காலத்தில் எந்த விழாவிலும் விளக்கேற்றி முடிந்ததும் அகவணக்கம். செத்துப்போன போராளிகளுக்காக எல்லோரும் எழும்பி, தலை குனிந்து, சத்தமில்லாமல் நிற்பது. அறிவிப்பாளர் மைக்கில் நன்றி என்று சொல்லும்வரை ஒரு தலையும் நிமிராது, ஒரு பிள்ளையும் இருமாது. எத்தனை விழா, எத்தனை நன்றி. ஆமி வந்த பிறகு விளக்கேற்றி நடக்கிற முதல் விழா இது, நவம் அந்த ஒரு துண்டை மட்டும் பழைய இடத்திலிருந்து உருவி எடுத்துவிட்டு, அங்கே தேசிய கீதத்தை வைத்தார். முகாமிலிருந்து கசெற் தந்திருக்கிறார்கள். விளக்கேற்றல், அடுத்தது தேசிய கீதம். இரவெல்லாம் பாயில் கிடந்து சொல்லிச் சொல்லிப் பழக்கியாயிற்று. மாடு பழகிவிட்டது.

முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் ஆம்பிளைகள் வெள்ளை வேட்டியோடு இருந்தார்கள், கடல் ஆட்களின் கைகளில் செம்மண். அதைப் பார்க்கத்தான் நவத்துக்குப் பொறுக்கவில்லை. உள்ளே செம்மண் ஊர்களுக்குப் போய் அடுத்தவன் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிறார்கள், காற்று எங்கிருந்து கிளம்புகிறது என்று மூக்கால் சொல்லுகிற ஆட்கள், குனிந்து குனிந்து வெங்காயம் பிடுங்குகிறார்கள், தோட்டக்காரன் பின்னால் நின்று டேய் வேரோட வரட்டும் என்கிறான். மச்சான் தம்பிமுத்துவின் வள்ளம் கவிழ்த்துப்போட்டபடி வெய்யிலில் வெடித்துக் கிடக்கிறது, நிவாரண அரிசியில் மீன் மணமில்லாத சோறு, மீன்காரர் வீட்டில் பருப்பு. இன்றைக்கு அது முடியவேண்டும். முடியும். வலப்பக்கம் வலைக் கொட்டிலின் நிழலில் பொம்பிளைகள், அவர்களுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பெட்டைகள் வெள்ளை உடுப்பும் கழுத்தில் நீல ரையும் கட்டி, மாலைத் தட்டோடு. அதில் ஒருத்தி இடது காலால் வலது காலைச் சொறிந்துகொண்டு நின்றாள். சுகந்தினி அப்படித்தான் நிற்பாள், எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள், மேடையில் பேச்சுப்போட்டிக்கு நிற்கும்போதும் ஒரு காலால் மற்றக் காலை. சரி. கும்பம், மாலை. மாலை போடுகிற பிள்ளை யார்? சுகந்தினியின் உடுப்பு அவள் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வந்த அன்று கொடியில் காய்ந்தது, அடுத்த நாளும் காய்ந்தது, எடுக்க ஆளில்லை, பிள்ளை இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று மூன்றாம் வீட்டுக்காரி வந்துதான் சொன்னாள். தகப்பன் ஊருக்கெல்லாம் செய்தி சொல்லுகிறவன், தகப்பனுக்குச் செய்தி சொல்ல மூன்றாம் வீட்டுக்காரி. பிறகு ஒன்றரை வருசம் கழித்து மற்றச் செய்தி வந்தது. அதை ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊரெல்லாம் சொல்லவேண்டும், இன்னார் வீரச்சாவு, இன்னாருடைய மகள், இத்தனை மணிக்கு எடுக்கிறோம். அண்ணை, நீங்கள் வேண்டாம், வேற ஆள் பிடிக்கிறம் என்று இயக்கப் பொடியன் சொன்னான், நல்ல பொடியன். நவம் மைக்கை விடவில்லை. என்ர பிள்ளையின்ர பேரை வேறொருத்தன் பிழையாய்ச் சொல்லக்கூடாது என்றார். நவரட்ணம் செல்வமலர் தம்பதிகளின் ஏக புத்திரி என்று தெருத்தெருவாய்ச் சொன்னார், ஒரு இடத்திலும் குரல் தளும்பவில்லை, ஒரு சொல்லும் தவறவில்லை. அன்றைக்குத் தவறாத நாக்கு இனி எதற்குத் தவறப்போகிறது? இந்த நினைப்பு அவருக்குப் பலமாக இருந்தது. விளக்கேற்றல், அடுத்தது தேசிய கீதம்.

செல்வமலர் வரவில்லை. அந்த ஓட்டோவுக்குப் பிறகு அவள் அவருடைய மைக் குரல் கேட்கிற இடத்தில் நிற்பதில்லை, ஸ்பீக்கர் கட்டினால் கோயிலுக்கும் போவதில்லை, தெருவில் சத்தம் வந்தால் அடுப்படியில் உலக்கையை எடுத்து இடிக்க ஒன்றுமில்லாத உரலை இடிப்பாள். வீட்டுக்குள் கதைப்பதெல்லாம் வழக்கம்போலத்தான். இன்று காலையும் வேட்டியை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமிக்காரனுக்கும் உதே குரலிலதான் சொல்லப் போறியளோ?"

"வேற குரலுக்கு நான் எங்க போறது? கடல் திறக்கவேணும் செல்வம். உன்ர தம்பி வெங்காயம் கிண்டுறான்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. நல்லாச் சொல்லுங்கோ" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சைக்கிள் மிதித்து வரும்போதெல்லாம் யோசித்தார். நல்லாச் சொல்லுங்கோ என்றால் நல்லாச் சொல்லுங்கோதான், முப்பது வருசம் குடும்பம் நடத்தினவனுக்குத் தெரியாதா, ஆனால் தெரியவில்லை.

"என்ன நவம், முகம் ஒரு மாதிரி?" சங்கத் தலைவர் கதிரிப்பிள்ளை சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். கும்பத்துத் தேங்காயைத் திருப்பி வைத்தார், மறுபடி பழையபடி வைத்தார். "பயமாக் கிடக்கோ?"

"எனக்கோ? மூண்டு ஆட்சிக்கு மைக் பிடிச்சவனுக்குப் பயமோ? நீங்கள் போய் இருங்கோ அண்ணை. வரவேற்புரையில சிங்களத்தில ஆயுபோவன் எண்டு வணக்கம் சொல்ல மறந்திடாதேங்கோ."

"ஆயுபோவன், ஆயுபோவன்" என்று முணுமுணுத்தபடி கதிரிப்பிள்ளை போனார். போனவர் திரும்பி வந்து, "நவம், எல்லாம் உன்ர வாயிலதான் கிடக்கு" என்றார். அது நவத்துக்குப் பிடித்திருந்தது. வாயில்தான் கிடக்கிறது. வாய் என்ன வாய், யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார்கள், ஆனால் யானை ஒருநாளும் பழகிப் பார்ப்பதில்லை, நான் பழகியிருக்கிறேன்.

ஜீப் வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. சிப்பாய்கள் குதித்து வேலியோரமாய்ப் பரவினார்கள், ஊர் எழும்பாமல் முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டது. பிரிகேடியர் நினைத்ததைவிடக் கட்டை, கண்ணாடி போட்டவர், பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருந்தார். நவத்தின் குரல் தானாக ஏறியது. மாண்புமிகு என்றது, எமது அழைப்பை ஏற்று என்றது, கண்டல்முனை மக்கள் சார்பில் என்றது. ஒவ்வொரு சொல்லும் சரியான இடத்தில் போய் இருந்தது. மாலை போட்டார்கள், நாடா வெட்டினார்கள், கைதட்டு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதுகூட நவத்தின் குரலில்தான் இருந்தது. இதுதான் அவருக்குச் சந்தோசம், வெட்கமில்லாத சந்தோசம், ஆட்சி யாருடையதென்றாலும் கூட்டம் என்னுடையது. விளக்கில் முதல் திரி பிரிகேடியர், இரண்டாவது கதிரிப்பிள்ளை, மற்றதெல்லாம் அப்படியே ஒழுங்காக. காற்றுக்குச் சுடர் ஒருதரம் படுத்து எழும்பியது. "அனைவரும் எழுந்து நிற்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் நவம். தவறவில்லை. அகவணக்கம் என்ற சொல் வாய்க்குள் எங்கேயும் இல்லை, துடைத்து வைத்தது போல இருந்தது. கூட்டம் எழுந்தது. கசெற்றை அழுத்தினார். ஒரு துளி சங்கீதம் வந்தது, நீண்டது, மாடு கத்துவதுபோல் இறங்கியது, நின்றது. ரேப் சிக்கிவிட்டது. குனிந்து மூடியைத் திறந்தார், மண்ணிறப் பட்டி சில்லில் சுற்றிக்கொண்டு இழுக்க இழுக்க வந்தது, அறுந்தது. பரவாயில்லை, மைக் நவத்துக்கு இதெல்லாம் ஒரு விசயமா, ஒரு சின்னத் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஆயிரம் தரம் சொன்ன வாய். நிமிர்ந்து மைக்கை எடுத்தார். அப்போதுதான் கண்டார்.

தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. யாரும் சொல்லவில்லை. விளக்கேற்றினார்கள், எழுந்து நிற்கச் சொன்ன குரல் அதே குரல், அதற்குப் பிறகு சத்தமில்லை. அது போதும், கழுத்துகள் தாங்களாகவே மடங்கிவிட்டன. வேட்டிக்காரரின் வரிசை, கதிரிப்பிள்ளையின் வழுக்கை, மாலைத் தட்டுப் பெட்டைகள்கூட, கைகளைப் பக்கவாட்டில் விட்டு, தலை குனிந்து, ஒரு இருமல் இல்லாமல். கடவுளே, அகவணக்கம். ஆமியின் பிரிகேடியரை முன்னால் வைத்துக்கொண்டு இயக்கத்துக்கு அகவணக்கம். நாக்கைப் பழக்கினாயே மடையா, ஊரின் கழுத்தை யார் பழக்கியது? கடல் போயிற்று. கடல் மட்டுமா, கதிரிப்பிள்ளை போயிற்று, நான் போயிற்று, இரவு முகாமுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஆர் சொல்லித் தந்தது என்று கேட்பார்கள். சொல்லித் தரவில்லை ஐயா, தடுக்க மறந்துவிட்டேன். நன்றி என்று சொல், சொல்லிவிட்டால் நிமிர்ந்துவிடுவார்கள், இப்போதே சொல். வாய் திறந்தது. பிரிகேடியர் ஒரு பக்கமும் மறு பக்கமும் பார்த்தார். ஆயிரம் தலை குனிந்து நிற்கும்போது தான் மட்டும் நிமிர்ந்து நிற்பது அவருக்கு மரியாதைக்குறைவாகப் பட்டிருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றினார், அக்குளில் வைத்தார், தலை குனிந்தார். வேலியோரச் சிப்பாய்கள் பெரியவரைப் பார்த்தார்கள், அவர்களும் குனிந்தார்கள். குனியாமல் நின்றது இரண்டே பேர், நவமும் சார்ஜன்ற் சுனிலும். சுனிலுக்குத் தெரியும். தமிழ் படித்தவன், இந்த ஊரில் இரண்டு வருசம் திரிந்தவன், அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. அவன் நவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி என்று சொல்லுடா. சொல்லுவதற்காக நவம் கண்ணை அவனிடமிருந்து பிடுங்கி வலப்பக்கம் திருப்பினார். வலைக் கொட்டிலின் ஓரத்தில், கடைசிப் பொம்பிளைக்கும் பின்னால், செல்வமலர் நின்றாள். அடுப்படிச் சீலையோடு வந்திருந்தாள். அவளும் தலை குனிந்திருந்தாள். பிள்ளையைப் புதைத்த நாளில் எல்லோரும் இப்படி நின்றபோது அவள் மட்டும் நிற்கவில்லை, மண்ணில் உருண்டாள், அவர் மைக்கில் நன்றி என்று சொன்னபோதும் அவள் உருண்டுகொண்டிருந்தாள், நன்றியாம் நன்றி, ஆருக்கு நன்றி என்று கத்தினாள். இன்றைக்கு நிற்கிறாள். கை இரண்டையும் விட்டு, அசையாமல், தன் பங்கை இப்போதுதான் எடுத்துக்கொள்கிறவள் மாதிரி. நவத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் இல்லை. பயம் எங்கேயோ கீழே கிடந்தது, அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். சொல்லமாட்டேன். ஊருக்குக் கடல் வேண்டும், எனக்கும் வேண்டும், ஆனால் அவள் முடிக்கட்டும். கடல் சத்தம் கேட்டது, விளக்குத் திரி பொரிகிற சத்தமும். சுகந்தினி, சுகந்தினி, ஒரு காலால் மற்றக் காலைச் சொறியாதை பிள்ளை. கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது, முட்டட்டும், மைக்கில் அது கேட்காது. அவரும் தலை குனிந்தார். சுனில் என்ன செய்தான் என்று அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. கொட்டில் நிழலில் செல்வமலர் மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்து நிமிர்ந்தது ஓரக்கண்ணில் பட்டது. அப்போதுதான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"நன்றி" என்றார். "அமருங்கள்."

ஊர் இருந்தது. இருந்த பிறகுதான் தாங்கள் என்ன செய்தோம் என்று அதற்குத் தெரிந்தது. கதிரிப்பிள்ளையின் முகம் சாம்பலாகிவிட்டது. பிரிகேடியர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுனிலிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். சுனில் நவத்தின் பக்கம் வந்தான்.

"ஐயா, இது ஆருக்கு எண்டு பெரியவர் கேக்கிறார்."

பொய் ஒன்று வாயில் தயாராக இருந்தது, நல்ல பொய், ஆழிப் பெருங்கடலின் அன்னைக்கு என்று தொடங்கும். நவம் அதை விட்டுவிட்டார்.

"செத்தவைக்கு" என்றார். "எங்கட செத்த பிள்ளையளுக்கு."

சுனில் உடனே திரும்பவில்லை. பிறகு போய்ச் சொன்னான், சுருக்கமாகத்தான் சொன்னான், என்ன சொன்னான் என்பது அவனுக்கும் அவனுடைய கடவுளுக்கும் வெளிச்சம். பிரிகேடியர் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார். பிறகு எழுந்து மைக்குக்கு வந்தார், வரவேற்புரைக்குக் காத்திருக்கவில்லை. அவர் ஒரு வசனம், சுனில் ஒரு வசனம். நாளை விடியற்காலை முதல் கடலுக்குப் போகலாம், முகாமில் பாஸ் எடுக்கவேண்டும், இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடவேண்டும். ஊர் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு தம்பிமுத்து எழும்பிக் கத்தினான், அதற்குப் பிறகு கைதட்டு எங்கே தொடங்கி எங்கே முடிந்ததென்று யாரும் நவத்தைக் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறுமுன் பிரிகேடியர் மறுபடி ஏதோ சொல்ல, சுனில் ஓடி வந்தான். அவனுடைய முகத்தில் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று இருந்தது.

"வாற கிழமை முகாமில கொடியேத்தம். எங்கட ஆக்களும் நிறையச் செத்தது. அங்கயும் இதே மாதிரி நிக்கவேணும் எண்டு சொல்லுறார். இவ்வளவு அமைதியா நிக்கிறதை அவர் எங்கயும் கண்டதில்லையாம். ஐயாதான் வந்து சொல்லித் தரவேணும்."

நவம் அவனைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான்.

"வாறன்" என்றார்.

ஊர் பாதி வள்ளங்களைப் பார்க்க ஓடிவிட்டது, மீதி ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. நவம் தனியே நின்று வயரைச் சுற்றினார். முழங்கையில் சுற்றிய வளையங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய் வந்தன. வயரின் மறுமுனை சட்டென்று பாரமில்லாமல் இலகுவாயிற்று. செல்வமலர் அந்தப் பக்கத்து வயரைத் தூக்கி மண் படாமல் பிடித்துக்கொண்டு வந்தாள், எத்தனையோ வருசத்துக்கு முன்னால் செய்த மாதிரி. சுனில் சொன்னதைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

"முகாமிலயும் ஒருத்தற்ற பேரும் சொல்லமாட்டினமே?" என்று கேட்டாள்.

"சொல்லமாட்டினம். சும்மா நிக்கிறதுதான். ஆர் ஆரை நினைச்சு நிக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் வயரை அவர் கையில் வைத்தாள்.

"அப்ப நானும் வாறன்."